வேண்டாம் என்று சொல்லும் பலம்: புத்தொழில்களுக்கு நிதி தரும் தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேர்வுக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் மண்டபத்தில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்துகிறேன். படகுக் கணக்குக்கு ஒரு செயலி, கரையில் கடற்பாசி எடை போடும் இடத்தில் வைக்க ஒரு சிறிய கருவி, இந்த இரண்டும்தான் எங்கள் பிழைப்பு. பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் தொடங்கி பெரியபட்டினம், ஏர்வாடி வரை வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு நிதி கேட்டு இதை எழுதவில்லை. அரசுப் பணமானாலும் தனியார் பணமானாலும், எந்தப் புதுத் தொழிலுக்குக் கொடுக்கலாம் என்று முடிவெடுக்கும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். உங்கள் படிவத்தில் எதை வெற்றி என்று எழுதி வைக்கிறீர்களோ, அதைத்தான் கல்லூரி முடித்து வரும் பிள்ளைகள் மெனக்கெட்டுச் செய்வார்கள். அந்தப் படிவத்தைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது.

நான் போய் நின்ற கூட்டங்களில் எல்லாம் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். எத்தனை பேர் பதிவிறக்கம் செய்தார்கள்? மாதா மாதம் எவ்வளவு வளர்ச்சி? எத்தனை பேர் விட்டுவிட்டுப் போனார்கள்? சேரும் தகவலை எப்படிக் காசாக்குவீர்கள்? கேட்டவர்கள் கெட்டிக்காரர்கள், நல்ல எண்ணம் உள்ளவர்கள். பெருநகரத்தில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் தொழிலுக்கு அந்தக் கேள்விகள் சரியாகவே இருக்கலாம். எங்கள் கரையில் அவை தவறான ஆளைத் தேர்ந்தெடுத்துவிடும். எப்படி என்று சொல்கிறேன்.

மாத வளர்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் முட்டையிட்டுப் பெருகட்டும் என்று கடலுக்கு விடும் ஓய்வு அது. படகைக் கரையேற்றி மராமத்துப் பார்ப்பார்கள், வலையைச் சீர் செய்வார்கள். அந்த இரண்டு மாதமும் அவர்கள் எங்கள் செயலியைத் திறக்கத் தேவையே இருக்காது. நாட்டுப்படகுக்கும் வல்லத்துக்கும் இந்தத் தடை கிடையாது. அவர்களை நிறுத்துவது காற்று. இங்கே கடல் இரண்டு. பாம்பனுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும், தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் ஊரில் சொல்வார்கள். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடலில் நிற்க முடியாது, வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடை என்ற வடகிழக்குக் காற்று திரும்பிவிட்டால் வடகடல் குமுறும். அதற்கேற்பப் படகை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் மாற்றுகிறவர்கள் உண்டு.

பாசி எடுக்கும் பெண்களின் கணக்கு இன்னும் வேறு. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில்தான் அவர்களுக்குக் கடல் தோதாக இருக்கும். மாதம் 12 நாள் போதும் என்று அவர்களாகவே பேசி வைத்துக்கொண்டார்கள். இரும்புச் சுரண்டியால் பாசியை வேரோடு சுரண்டக் கூடாது, கையால்தான் பறிக்க வேண்டும் என்பதும் அவர்கள் போட்டுக்கொண்ட கட்டுப்பாடுதான். ஆண்டில் சில வாரம் முழு ஓய்வும் விடுகிறார்கள். அதிகாரிகளும் விஞ்ஞானிகளும் வந்து சொல்லிக் கொடுத்து வந்ததல்ல இது. இந்தப் பெண்களை ஒருங்கிணைத்ததற்காகப் பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி அவர்களுக்கு அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு 2015ல் விருது கொடுத்தது. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாமல், கடலில் முங்கிப் பிழைக்கும் ஒரு கூட்டம், தன் வருமானத்தைத் தானே அளவாக வைத்துக்கொண்டிருக்கிறது. அவர்களுக்காக வேலை செய்கிற ஒரு நிறுவனத்தின் வரைபடம் மட்டும் மாதா மாதம் ஏறிக்கொண்டே போக வேண்டுமா? அப்படி ஒரு வரைபடத்தை இந்தக் கரையிலிருந்து யாராவது உங்களிடம் நீட்டினால், தயவுசெய்து கடலில் என்ன நடக்கிறது என்று ஒரு தடவை விசாரியுங்கள்.

அடுத்தது விலை. மீனவர்களுக்கென்று செயலி செய்ய வருகிற பத்துப் பேரில் பெரும்பாலானோர் ஒரே யோசனையோடுதான் வருகிறார்கள்: எந்த ஊர் ஏலத்தில் என்ன விலை என்று கைப்பேசியில் காட்டிவிட்டால் இடைத்தரகர் ஒழிந்துபோவார். உங்களுக்கும் அந்த யோசனை பிடித்திருக்கிறது. அதற்கு ஆதாரமாக எல்லோரும் காட்டுவது கேரளத்தை. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியல் ஆய்வாளர் 2007ல் வெளியிட்ட ஆய்வு அது. 1997க்கும் 2001க்கும் இடையில் வட கேரளக் கடற்கரையில் செல்பேசிக் கோபுரங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அதற்கு முன் ஒரு கரையில் மத்தி வாங்க ஆளில்லாமல் கடலில் கொட்டுவார்கள், சில கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கரையில் மீன் கிடைக்காமல் வியாபாரிகள் வெறுங்கையோடு திரும்புவார்கள். போன் வந்த பிறகு கடலில் இருந்தபடியே விசாரித்துவிட்டு, விலை உள்ள கரைக்குப் படகை விட்டார்கள். மீன் வீணாவது நின்றது. மீனவர்களின் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, சாப்பிடுகிறவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. அருமையான ஆய்வு, நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்தப் படகுகள் தங்கள் விருப்பப்படி கரையை மாற்ற முடிந்தது. எங்கள் பக்கம் அட்வான்ஸ் இருக்கிறது. வலை வாங்க, எஞ்சின் மாற்ற, பிள்ளைக்குக் கல்யாணம் செய்ய, ஆஸ்பத்திரிக்கு என்று ஒரு படகுக்காரர் வியாபாரியிடமோ கம்பெனி ஏஜெண்டிடமோ பணம் வாங்கியிருப்பார். வட்டி என்று எதுவும் எழுத மாட்டார்கள். அதற்குப் பதில், பிடிக்கிற நண்டும் கணவாயும் இறாலும் அவருக்குத்தான் போட வேண்டும், அவர் சொல்லும் விலைக்குத்தான் போட வேண்டும். அசல் தீரும் வரை இதுதான் கதி. பக்கத்து ஏலத்தில் கிலோவுக்கு எவ்வளவு அதிகம் போகிறது என்பது அந்தப் படகுக்காரருக்கு நன்றாகவே தெரியும். மச்சான் படகு அங்கேதான் நிற்கிறது, ஒரு போன் போட்டால் சொல்லிவிடுவார். அவருக்கு இல்லாதது தகவல் அல்ல. தெரிந்த விலைக்குப் போய் விற்கும் பலம் அவரிடம் இல்லை. விலை காட்டும் செயலியை அவர் பதிவிறக்கமும் செய்வார், தினமும் திறந்தும் பார்ப்பார். உங்கள் கணக்கில் அது வெற்றி. அவர் வீட்டில் எதுவும் மாறியிருக்காது.

அதனால் எங்கள் படகுக் கணக்கில் முதல் பக்கத்தில் வருவது ஏல விலை இல்லை, அட்வான்ஸ் பாக்கி. இது எங்கள் மூளையில் உதித்ததல்ல. தங்கச்சிமடத்தில் ஒரு நாட்டுப்படகுக்காரர், “டீசல் எவ்வளவு, ஐஸ் எவ்வளவு, பங்கு எவ்வளவுன்னு எனக்கே தெரியும் தம்பி. என் பாக்கி எவ்வளவுன்னு மட்டும் அவரு நோட்டுலதான் இருக்கு. அத முதல்ல காட்டு” என்றார். வாங்கிய நாள், வாங்கிய தொகை, ஒவ்வொரு தடவை மீன் போட்டபோதும் பிடித்த கழிவு, இவற்றை அவர் குரலிலேயே சொல்லிப் பதியலாம். எழுதத் தேவையில்லை. வியாபாரியின் நோட்டும் இவருடைய கணக்கும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பேசும் நிலை வந்தபோது, பாக்கி அவர் நினைத்ததைவிடக் குறைவு என்று தெரிந்தது. வியாபாரி ஏமாற்றினார் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு பேருமே தோராயமாகத்தான் வைத்திருந்தார்கள், தோராயம் எப்போதும் பணம் கொடுத்தவர் பக்கம் சாயும். அவர் பாக்கியைத் தீர்த்தார். இப்போது ஏலத்தில் போடுகிறார். பழைய வியாபாரியும் அந்த ஏலத்துக்கு வந்து, மற்றவர்களோடு போட்டி போட்டுத்தான் வாங்குகிறார், இரண்டு பேரும் பேச்சுவார்த்தையோடுதான் இருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உங்களிடம் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. அவருடைய மகள் ராமநாதபுரத்தில் கல்லூரியில் படிக்கிறாள். எங்கள் செயலியில் இருந்த கணக்கை முழுதாக இறக்கி, கணினியில் அவளே ஒரு அட்டவணை போட்டுக்கொண்டாள். அப்பாவுக்கு மட்டுமில்லை, அந்தத் தெருவில் இன்னும் சில படகுகளுக்கும் அவள்தான் இப்போது கணக்குப் பார்க்கிறாள். அவர்கள் யாரும் இப்போது எங்களுக்குக் கட்டணம் கட்டுவதில்லை. உங்கள் படிவத்தில் இது “விட்டுப்போன வாடிக்கையாளர்கள்” என்ற கட்டத்தில் விழுகிறது, எங்களுக்கு மதிப்பெண் குறைகிறது. எங்கள் நிறுவனம் இதுவரை செய்த வேலைகளில் இதைவிடப் பெரியதாக எதையும் நான் நினைக்கவில்லை. ஒரு குடும்பம் முதலில் வியாபாரியிடம் வேண்டாம் என்று சொல்லக் கற்றது, அப்புறம் எங்களிடமே வேண்டாம் என்று சொன்னது. இரண்டு இடத்திலும் கணக்கு அவர்கள் கையில் இருந்ததால்தான் அது முடிந்தது. தன் கணக்கை ஒரே அழுத்தில் எடுத்துக்கொண்டு போகும் வழியை நாங்கள் ஒளித்து வைத்திருந்தால், அவர்கள் இன்னும் எங்களிடமே இருந்திருப்பார்கள், எங்கள் வரைபடமும் அழகாக இருந்திருக்கும்.

வாடிக்கையாளர் போய்விட்டால் சம்பளம் எப்படிக் கொடுப்பீர்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்த மகளைப் பார்த்துவிட்டு அடுத்த தெருவில் புதிதாகச் சேர்கிறார்கள். மொத்தத்தில் மெதுவாகத்தான் வளர்கிறோம், ஆனால் வளர்கிறோம்.

பாசி எடை போடும் இடத்தை உங்களில் பலர் பார்த்திருக்க வாய்ப்பில்லை, அதனால் அதையும் கொஞ்சம் சொல்கிறேன். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று வகை உண்டு. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, பவளப்பாறைக்கும் முள்ளுக்கும் இடையில் முங்கி முங்கிப் பறித்ததை இடுப்பில் கட்டிய பையில் சேர்ப்பார்கள். கரைக்குக் கொண்டுவந்து மணலில் விரித்துக் காயவைத்து, தூசு தட்டி, மூட்டை கட்டி எடைக்குக் கொண்டுவருவார்கள். அங்கே வியாபாரியின் ஆள் தராசைப் பார்ப்பார், ஒரு எண்ணைச் சொல்வார். மூட்டையில் கையை விட்டுப் பார்த்து, மண்ணுக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிவு போடுவார். மிச்சத்தை நோட்டில் எழுதுவார். முங்கி எடுத்தவருக்கு அந்த நோட்டு தெரியாது.

எடையைத் திரையில் காட்டிக் கைப்பேசிக்கு ரசீது அனுப்பலாம் என்பதுதான் எந்தப் பொறியாளருக்கும் முதலில் தோன்றுவது. உப்பு காய்ந்த விரலில், அதுவும் துணி சுற்றிய விரலில், தொடுதிரை கேட்காது. உச்சி வெயிலில் திரையில் ஒன்றும் தெரியாது. இதையெல்லாம் விட முக்கியமான காரணத்தை அங்கே மூத்தவராக இருந்த ஒரு அக்கா சொன்னார். “திரையெல்லாம் எதுக்குத் தம்பி? அத நான் ஒருத்திதான் பாப்பேன், பாத்துட்டுப் பேசாமப் போயிருவேன். அது வாய் விட்டுச் சொல்லணும். வரிசையில நிக்கிற எல்லாருக்கும் கேக்கணும். கழிவையும் தனியாச் சொல்லணும்.”

அப்படித்தான் செய்தோம். தராசோடு சேர்த்து ஒரு பெட்டி. “மொத்தம் 26 கிலோ 400. கழிவு ஒன்றரை கிலோ” என்று தமிழில், உரத்து, எல்லோர் முன்னாலும் சொல்லும். அவ்வளவுதான். ஆனால் கழிவு என்று அது சத்தமாகச் சொன்னதும், பின்னால் நிற்கும் பெண்கள் “ஒன்றரை எதுக்கு, அவ நல்லாத்தான காய வச்சிருக்கா” என்று கேட்கிறார்கள். வியாபாரியின் ஆள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சில நாள் அவர் சொல்வது சரியாக இருக்கும், மூட்டையின் அடியில் மண் இருக்கும். அப்போது அந்தப் பெண்களே அவளைக் கடிந்துகொள்வார்கள். வியாபாரிக்கும் மேலே ஒரு ஆலை இருக்கிறது, அங்கே அவருக்கும் கழிவு பிடிக்கிறார்கள். ஒழுங்காக வியாபாரம் செய்கிற சிலர் இந்தப் பெட்டியை விரும்பியே வைத்துக்கொண்டார்கள், தினமும் வம்பு குறைந்தது என்று.

இந்தப் பெட்டிக்குப் பதிவிறக்கம் என்று ஒன்று கிடையாது. ஒரு பெட்டியை எத்தனை பெண்கள் பயன்படுத்துகிறார்கள் என்று எங்களால் சரியாகச் சொல்லவும் முடியாது, வரிசையில் நிற்கும் எல்லோருமே பயன்படுத்துகிறார்கள். உங்கள் கூட்டம் ஒன்றில் இதைக் காட்டியபோது, “ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் கொடுத்துப் பதிவு செய்யலாமே, எண்ணிக்கை கிடைக்கும்” என்று யோசனை சொன்னார்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை. அந்தப் பெண்களுக்கு அது தேவைப்படவில்லை. எண்ணிக்கை தேவைப்பட்டது உங்களுக்கு.

தகவலைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு மீனவரின் சொத்து என்ன என்று கேட்டால் படகு, வலை, எஞ்சின் என்று எழுதிக்கொள்வீர்கள். அதைவிடப் பெரிய சொத்து, எந்தப் பருவத்தில் எந்தப் பாரில், அதாவது கடலடிப் பாறைத்திட்டில், எந்த மீன் நிற்கும் என்ற அறிவு. கரையில் தெரியும் கோபுரத்தையும் பனையையும் ஒன்றுக்கொன்று நேர்வைத்து அந்த இடத்தை அப்பா மகனுக்குக் காட்டிக்கொடுப்பார். வேறு யாருக்கும் சொல்ல மாட்டார். இன்றைக்கு அது ஜி.பி.எஸ். கருவியில் ஒரு புள்ளியாக இருக்கிறது. அந்தப் புள்ளிகளைச் சேர்த்து வைத்திருக்கும் நிறுவனம், நாளைக்குப் பெரிய படகுக்கோ ஏற்றுமதிக் கம்பெனிக்கோ அதை விற்றால், நாட்டுப்படகுக்காரர் பரம்பரையாகச் சேர்த்தது ஒரே பருவத்தில் காலியாகும். பாசி எடுக்கும் பெண்களுக்கு ஆபத்து வேறு விதம். 1986ல் இங்குள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதிலிருந்து, எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்ற தகராறு ஓயவே இல்லை. அவர்கள் எங்கே முங்கினார்கள் என்ற பதிவு, ஒரு நாள் அவர்கள் மேலேயே வழக்காகத் திரும்பலாம். ஆகவே எங்கள் செயலி இடத்தைக் கேட்பதே இல்லை. பிடித்த மீனும் விற்ற விலையும் மட்டும்தான். “தகவலை எப்படிக் காசாக்குவீர்கள்” என்ற கேள்விக்கு எங்கள் பதில், காசாக்க மாட்டோம். இந்தப் பதிலுக்கு மதிப்பெண் குறைப்பதை நிறுத்துங்கள். இந்தப் பதிலைச் சொல்லாதவரிடம் இரண்டாவது கேள்வி கேளுங்கள்.

எங்கள் செயலிக்கு மாதக் கட்டணம் உண்டு. சிறிய தொகை, கடலுக்குப் போகாத மாதத்துக்குக் கிடையாது. இலவசமாகக் கொடுத்தால் ஆயிரக்கணக்கில் சேர்வார்களே என்றும் கேட்டிருக்கிறார்கள். சேர்வார்கள்தான். அப்புறம் எங்களுக்குப் படியளப்பது யார்? மீன் வாங்கும் கம்பெனியோ, மீனவருக்குக் கடன் கொடுக்க நினைக்கும் நிறுவனமோதான். படியளக்கிறவர் பேச்சைத்தான் நாங்களும் கேட்போம், மனித இயல்பு அதுதான். கட்டணம் கட்டுகிற படகுக்காரர் விடியற்காலையில் போன் போட்டு, “என்னப்பா, பங்குக் கணக்குல சமையல் சாமான் செலவக் காணோம்” என்று உரிமையோடு அதட்டுகிறார். அந்த அதட்டல்தான் எங்களை நேராக வைத்திருக்கிறது.

இது கனவு காண்கிறவர் பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்ரீதர் வேம்புவும் கூட்டாளிகளும் 1996ல் தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய ஜோஹோ. துணிகர முதலீடு வாங்காமல், வாடிக்கையாளர் கட்டிய பணத்திலேயே வளர்ந்தது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் போட்டு, பட்டம் இல்லாத பிள்ளைகளையும் பயிற்றுவித்து வேலைக்கு எடுத்தது. அவருடைய எல்லாக் கருத்தும் எனக்கு உடன்பாடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பணம் கொடுப்பவர் பயன்படுத்துகிறவராகவே இருந்தால், ஒரு நிறுவனம் யார் முகத்தைப் பார்த்து வேலை செய்யும் என்பதற்கு அது கண்முன்னே இருக்கிறது.

ராமேஸ்வரத்தில் பிறந்த கலாம் அவர்களைப் பற்றி உங்கள் மேடைகளில் பேசாதவர் இல்லை. ராக்கெட்டும் ஏவுகணையும்தான் பேசுவார்கள். அவர் தம் வாழ்வின் பெரிய மகிழ்ச்சிகளில் ஒன்றாகத் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தது வேறொன்று. ஹைதராபாத் நிஜாம் மருத்துவ நிலையத்தில், போலியோ பாதித்த குழந்தைகள் 3 கிலோவுக்கு மேல் எடையுள்ள காலணிக் கருவியை மாட்டிக்கொண்டு நடக்க முடியாமல் நடந்தார்கள். ஏவுகணைக்காக உருவான இலகுவான பொருளைக் கொண்டு அதை 300 கிராமுக்குக் குறைத்துக் கொடுத்தார்கள். அங்கே அளந்து பார்க்க வேண்டியது, அந்தக் குழந்தையின் காலில் இருந்து எவ்வளவு எடை இறங்கியது என்பதுதான். எங்கள் தொழிலுக்கும் அப்படி ஒரு அளவைக் கண்டுபிடித்துக் கேளுங்கள். அட்வான்ஸ் பாக்கி எவ்வளவு குறைந்தது? வேறு ஆளுக்கு விற்க முடிந்தவர்கள் எத்தனை பேர்? கழிவு எவ்வளவு இறங்கியது? எங்களை விட்டுப் போனவர் தன் கணக்கோடு போனாரா, வெறுங்கையோடு போனாரா? இவற்றுக்கு எண் உண்டு, அளக்கலாம், பொய் சொன்னால் கண்டுபிடிக்கவும் செய்யலாம்.

இந்தக் கரையில் ஏற்கெனவே நன்றாக நடக்கிறவற்றையும் கணக்கில் எடுங்கள். பாம்பனில் 2016 முதல் கடல் ஓசை என்ற சமுதாய வானொலி 90.4ல் ஒலிபரப்பாகிறது. காற்று, அலை, மீன்வளம், ஊர்ச் செய்தி எல்லாம் எங்கள் பேச்சிலேயே வரும், வலை சீர் செய்தபடியே கேட்கலாம். ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல் தகவல் சேவை மையம் அலை உயரமும் காற்று வேகமும் கணித்துத் தருகிறது, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மீனவர் செயலி அதைக் கைக்குக் கொண்டுவருகிறது. இவற்றோடு சேர்ந்து வேலை செய்கிறவரைவிட, இதையே புதிதாகச் செய்கிறேன் என்று வருகிறவருக்குத்தான் உங்கள் கூட்டங்களில் கைதட்டல் அதிகம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, குமரி மாவட்டத்து மீனவர்கள் ஆழ்கடலில் பல நாள் தங்கலில் இருந்தார்கள். எச்சரிக்கை கரையில் இருந்தது, அவர்களிடம் போய்ச் சேரவில்லை. புதிதாக இன்னொரு எச்சரிக்கைச் செயலி வேண்டும் என்பதல்ல அதில் நமக்குப் பாடம். சிக்னல் இல்லாத இடத்தில் இருக்கிற கடைசிப் படகு வரை சேர்க்கிற அலுப்பான வேலைக்குப் பணம் வேண்டும்.

இந்தப் பகுதியில் பிசிஏ, பொறியியல் படித்த பெண்பிள்ளைகள் நிறைய. கீழக்கரையிலும் ராமநாதபுரத்திலும் படித்துவிட்டு, வேலைக்குச் சென்னையோ பெங்களூரோ போக வீட்டில் விடாமல் இருக்கிறார்கள். எங்களிடம் போன் எடுக்கிறவர்களும் நிரல் எழுதுகிறவர்களும் அப்படிப்பட்டவர்கள்தான், பாதிப் பேர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். வாடிக்கையாளர், “வாடை எடுத்துருச்சு, இனி பத்து நாளைக்குக் கணக்கு இருக்காது” என்றால் அவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. குழுவில் எத்தனை பேர் பெயர்பெற்ற கல்லூரியில் படித்தவர்கள் என்று நீங்கள் கேட்கும் இடத்தில், எத்தனை பேர் வாடிக்கையாளரின் ஊர்க்காரர்கள் என்றும் ஒரு கட்டம் சேர்க்கலாம்.

2023ல் வளமாவூரில் 127.71 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதை நம்பி பாசித் தொழிலுக்கென்று புதுப்புது நிறுவனங்கள் உங்கள் வாசலுக்கு வரும். வருவது நல்லதுதான். பாசி வளர்க்கிற பெண்ணுக்கு விலையில் என்ன பங்கு, வாங்குகிற கம்பெனியை மாற்ற அவளுக்கு உரிமை உண்டா, ஒப்பந்தம் தமிழில் இருக்கிறதா என்று அவர்கள் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். பணம் கொடுத்த பிறகு கேட்டால் பதில் வராது. அப்புறம், ஒரு வருடத்தில் பலன் காட்டு என்று நெருக்காதீர்கள். இரண்டு கடலும், ஒரு தடைக்காலமும், ஒரு வாடையும், ஒரு கச்சானும் கடந்தால்தான் எங்கள் வேலை நின்றதா விழுந்ததா என்று எங்களுக்கே தெரியும். மூன்று வருடமாவது கொடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த தேர்வுக் கூட்டத்தை இங்கே பாம்பனில் வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பித்த நிறுவனம் பேசி முடித்த பிறகு, அதன் வாடிக்கையாளர்கள் ஐந்தாறு பேரை, நிறுவனத்துக்காரர்களை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாகக் கேளுங்கள். எங்கள் வாடிக்கையாளர்களையும் அப்படியே கேளுங்கள், நாங்கள் வெளியே நிற்கிறோம். தடைக்காலம் முடிவதற்குள், அதாவது ஜூன் 14க்கு முன் வைத்தால் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் வைக்காதீர்கள், பாசிக்குப் போகும் அக்காமார் வர முடியாது. வருகிறவர்களுக்கு அன்றைய வருமானத்துக்கு ஈடாக ஒரு தொகையைக் கூட்டச் செலவிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். இடமும் சாப்பாடும் நாங்கள் ஏற்பாடு செய்கிறோம். தேதியை மட்டும் ஒரு மாதம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள், ஊர் ஊராகப் போய்ச் சொல்ல அவ்வளவு நாள் வேண்டும்.

இப்படிக்கு,
மண்டபத்திலிருந்து ஒரு மென்பொருள் தொழில் முனைவோர்